வெள்ளை டப்பாவில் என்ன இருக்கிறது, அண்ணி

விழுப்புரம்
18-8-2025

உ
முத்தாம்பிகை துணை

அண்ணிக்கு,

நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் தபாலில் எழுதுகிறேன். குடும்ப குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டீர்கள். தனியாக அனுப்பினால் ஒரே டிக்கோடு நிற்கிறது. இங்கிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டர். அதற்கு ஸ்பீடு போஸ்ட் போடுகிற நாத்தனார் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போகட்டும். இதை பிளாக் பண்ண முடியாது, கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கவேண்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிசகு இருந்தால் திருத்துங்கள்.

ஆடிப் பெருக்குக்கு அங்கே வந்திருந்தேன். ஏழு வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை, நாலாம் மாதம். இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் பழுப்புத் திட்டாக மங்கு விழுந்திருந்தது. நீங்கள் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "இன்னாடி இது, மல்லாட்டை உரிச்ச தோலு ஒட்டின மாதிரி? வளைகாப்புக்குள்ள வெளுத்துடலாம் வா" என்றீர்கள். கிளம்பும்போது ஒரு வெள்ளை டப்பாவைக் கையில் திணித்தீர்கள். "பட்டாணி அளவு எடுத்து பூசிக்கினு படு. எல்லாம் ஹெர்பல்தான்."

ஆகஸ்ட் 3 முதல் 13 வரை பதினொரு நாள் பூசினேன். முதல் நாலு நாள் முகம் பளபளவென்றுதான் இருந்தது. ஐந்தாம் நாள் எரிச்சல், எட்டாம் நாள் தோல் உரிந்தது. அதற்கப்புறம் துணி காயப்போட மாடிக்குப் போனால்கூட, மிளகாய் அரைத்த கையால் தடவியதுபோல் இருந்தது. எல்லாம் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

14ஆம் தேதி செக்கப். டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததும், "என்ன போடறே?" என்றார். ஹெர்பல் என்றேன். "பேரு?" என்றார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலும் இல்லை, கீழும் இல்லை, ஓர் எழுத்து இல்லை. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "கத்திரிக்காய் வாங்கினாகூட எந்த ஊர் காய்னு கேப்பீங்க. மூஞ்சியில பூசறதுக்கு பேர் கேக்க மாட்டீங்களா?" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது.

அதைத்தான் குரூப்பில் கேட்டேன். "அண்ணி, அந்த டப்பாவில் என்னென்ன கலந்திருக்கு?" இதற்கு மேல் ஒரு சொல் எழுதவில்லை. அதற்கா இத்தனை கோபம்?

எனக்குச் சண்டை வேண்டாம். பேர் வேண்டும்.

இப்படிக்கு,
கலைமதி

*

திண்டிவனம்
22-8-2025

சேசு மரி சூசை துணை

மதி,

தபால்காரர் கடை வாசலில் நின்றுகொண்டு "இருதயமேரி யாருங்க, கையெழுத்து போடுங்க" என்று கத்தினார். உள்ளே மூன்று பேர் ஃபேஷியல் போட்டுப் படுத்திருந்தார்கள். மூன்று பேரும் கண் மேலிருந்த வெள்ளரிக்காயை எடுத்துவிட்டு எழுந்து பார்த்தார்கள். கோர்ட்டு நோட்டீஸ் என்றுதான் நினைத்திருப்பார்கள். உனக்கு இப்போது மனசு குளிர்ந்ததா?

குரூப்பில் இருபத்தாறு பேர். அதில் பாதிப் பேர் என் கஸ்டமர். அத்தனை பேர் நடுவில் என்ன கலந்தாய் என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "சாம்பார்ல இன்னா போட்டே" என்று ஒரு மாதிரியாகக் கேட்கிற கேள்விக்கு என்ன அர்த்தமோ அதே அர்த்தம்தான்.

பதினாலு வருஷமாகத் தொழில் செய்கிறேன். கிளியனூரிலிருந்து கண்டாச்சிபுரம் வரைக்கும் பெண்ணுக்கு மேக்கப் என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நீ பத்தாவது படித்துவிட்டு, மீதியை யூடியூபில் படித்து டாக்டராகிவிட்டாய். வாழ்த்துகள். தோல் உரிந்தால்தான் அடியில் இருக்கிற நிறம் மேலே வரும். பாதியில் நிறுத்தினால் எரியத்தான் செய்யும்.

நான் எதற்காகக் கொடுத்தேன் என்று நீ கேட்கவே இல்லையே. நான் சொல்கிறேன். அலெக்ஸ் வயிற்றில் இருந்தபோது எனக்கும் இதே மங்கு. நான் உன்னைவிட இரண்டு நிறம் கம்மி வேறே. வளைகாப்பு மணையில் உட்கார்ந்திருக்கிறேன், உங்கம்மா என் காதுக்கிட்டே குனிந்து, "போட்டோ புடிக்கும்போது தலைய கீழ வெச்சிக்கோ, ஆல்பத்துல அசிங்கமா தெரியும்" என்றார்கள். நல்ல வார்த்தை சொல்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்த ஆல்பம் உன்னிடம்தான் இருக்கிறது, எடுத்துப் பார். பதினாறு போட்டோ. ஒன்றில்கூட என் முகம் நிமிர்ந்திருக்காது.

அந்தப் பேச்சு உன் காதில் விழக்கூடாது என்றுதான் கொடுத்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் சொல்லியாகிவிட்டது. அம்மா போனபிறகு உனக்குத் தாய்வீடு என்று இருப்பது நானும் உங்கண்ணனும்தான். டப்பாவை ஆராய்ச்சி செய்வதற்கு முன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்.

இருதயமேரி

*

விழுப்புரம்
27-8-2025, பிள்ளையார் சதுர்த்தி

உ

அண்ணிக்கு,

கொழுக்கட்டை அவிந்துகொண்டிருக்கிறது. அடுப்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. பதினாறிலும் உங்கள் உச்சிவகிடுதான் தெரிகிறது. அம்மா செய்தது தப்பு. அன்றைக்கு நான் உங்கள் பக்கத்தில்தான் பன்னீர் சொம்போடு நின்றுகொண்டிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் தப்பு. ஆனால் அம்மா மேல் இருக்கிற கோபத்துக்கும் என் கேள்விக்கும் என்ன சம்பந்தம் அண்ணி? நான் கேட்டது வேறு.

டப்பாவை டாக்டரம்மாவிடம் மறுபடி கொண்டுபோனேன். திறந்து பார்த்தார். பார்த்து மட்டும் சொல்ல முடியாது என்றார். ஆனால் பார்லர்களில் கலந்து தருகிற வெளுக்கும் க்ரீம்களில் சாதாரணமாக இருப்பது இன்னது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் நாலு முறை வாசித்து மனப்பாடம் செய்துவிட்டேன். ஹைட்ரோகுவினோன், நிறத்தை வெளுப்பது, தோல் வழியாக நிறையவே உடம்புக்குள் போகும். ட்ரெட்டினாயின், வைட்டமின் ஏ சாதியைச் சேர்ந்தது, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தொடவே கூடாது என்கிறார்கள். மூன்றாவது ஸ்டீராய்டு. இந்த மூன்றும் டாக்டர் பார்த்து எழுதித் தரவேண்டிய மருந்துகள். சில டப்பாக்களில் பாதரசமும் இருக்குமாம், அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறியது.

"பதினோரு நாள் பூசினதால பிள்ளைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு உக்காந்து அழாதே. அப்படி சொல்ல முடியாது. நிறுத்திட்டே இல்ல, அதுதான் முக்கியம். ஸ்கேன் பாத்துக்கலாம்" என்றார். மங்குக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "குடை புடிச்சிக்கோ. பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் தானா குறையும். குறையலைன்னா பால்குடி முடிஞ்சதும் வா, பாத்துக்கலாம். மங்கு உன்னை என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

நீங்கள் ஹெர்பல் என்கிறீர்கள். அப்படியானால் ஒன்று செய்யலாம். திருவாமாத்தூர் கோயிலுக்கு வாருங்கள். அங்கே வட்டப்பாறை முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் ஊர் போய்ச் சேரமாட்டான் என்பது உங்களுக்கும் தெரியும். பாறையில் கைவைத்து ஹெர்பல் என்று ஒரு தடவை சொல்லுங்கள். மீதி டப்பாவை அங்கேயே உட்கார்ந்து பூசிக்கொள்கிறேன்.

இன்னொன்று. அதுதான் பெரியது. முந்தாநாள் இவர் டிப்போ வேலையாகச் சென்னை போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, உங்கள் கடை வாசலில் என் முகத்தைப் பார்த்திருக்கிறார். எட்டடி உயர ஃப்ளெக்ஸ். இடது பக்கம் மங்கோடு நான், 'முன்'. வலது பக்கம் பால்கோவா மாதிரி நான், 'பின்'. பெருக்கன்று உங்கள் போனில் எடுத்த அதே போட்டோ. 'பின்'னில் முகவாய் மச்சம்கூட இல்லை என்று இவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே எழுதியிருக்கிறதாமே: 'கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பயன்படுத்தலாம்.'

அதைக் கழற்றுங்கள் அண்ணி. என்னை வெள்ளையாகக் காட்டினதற்காகச் சொல்லவில்லை. என் முகத்தை நம்பி இன்னொரு பிள்ளைத்தாய்ச்சி அதைப் பூசிக்கொள்வாள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

கலைமதி

*

திண்டிவனம்
1-9-2025

மதி,

உங்கள் பாறைக்கு நான் எதற்குப் பயப்படவேண்டும்? கல்யாணமாகி வந்த வருஷம் நான் கோயிலுக்குள் நுழைந்தால், "வேதக்காரி வர்றா" என்று நகர்ந்து நின்றவர்கள் உங்கள் ஆட்கள். இப்போது சத்தியம் வாங்க மட்டும் உள்ளே கூப்பிடுகிறாயா? எனக்குச் சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்வேன். நடுவில் நீ வேண்டாம்.

டாக்டரம்மாவுக்கு என்ன, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஃபங்ஷனுக்கு வருகிறவள் கன்னத்தைப் பார்த்து, "இன்னா உன் நாத்தனாருக்கு அம்மை போட்டுச்சா" என்று கேட்டால் பதில் சொல்லவேண்டியவள் நான்.

போட்டோ எடுக்கும்போது சிரித்தாய்தானே? "அண்ணி, இந்தப் பக்கம் நல்லா இருக்கு" என்று நீயேதான் திரும்பி நின்றாய். சுவர் என் கடைச் சுவர். ஃப்ளெக்ஸ் நான் போட்டது. அது அங்கேதான் இருக்கும்.

நான் இதே க்ரீமை அலெக்ஸ் வயிற்றில் இருந்தபோது பூசினேன். வளைகாப்புக்கு மறுநாளிலிருந்து பிரசவம் வரைக்கும். அவன் இப்போது ஐந்தாம் வகுப்பு. ஓடுகிறான், ஆடுகிறான், வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் சொல்கிறான். அவனுக்கு என்ன குறை, நீ கண்டாய்?

உங்கண்ணன் என்ன சொன்னார் என்பதையும் கேட்டுக்கொள். "மேரி, அவ பேச்ச விடு. ஆனா மதி இப்படியே தபால் போட்டுக்கினு இருந்தா, வளைகாப்ப அவங்க மாமியார் வீட்டுலயே வெச்சிக்கட்டும்." ஜெகதீசன் வாயிலிருந்து இத்தனை சொல் ஒன்றாக வந்து நான் பார்த்ததில்லை. யோசித்துக்கொள்.

பேர் கேட்டு இனிமேல் எழுதாதே.

இருதயமேரி

*

விழுப்புரம்
8-9-2025

அண்ணிக்கு,

இன்று ஸ்கேன். தலை, முதுகுத்தண்டு, இதயத்தின் நாலு அறை, கை கால் விரல் எல்லாவற்றையும் எண்ணிக் காட்டினார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. மானிட்டரைப் பார்த்துக் கும்பிட்டேன், ஸ்கேன் எடுத்த பெண், "அக்கா, அது சாமி இல்ல, கம்ப்யூட்டர்" என்றாள்.

இதைக் கேட்டதும் உங்கள் மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லையே. ஆமாம், ஆகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பைபாஸைக் கடந்தவன் அந்தப் பக்கம் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பதற்காக, பைபாஸைக் கண்ணை மூடிக் கடக்கலாம் என்று போர்டு வைக்க முடியாது.

அலெக்ஸுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் நன்றாக இருக்கவேண்டும் என்று மாதா மாதம் என் பெயரோடு சேர்த்துத்தான் அவன் பெயருக்கும் அர்ச்சனை செய்கிறேன். உங்கள் சாமியார் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

13ஆம் தேதி சனிக்கிழமை வரைக்கும் பொறுப்பேன். அதற்குள் ஃப்ளெக்ஸ் இறங்காவிட்டால் 14ஆம் தேதி ஞாயிறு நானே வருவேன். சொல்லாமல் வந்தாள் என்று பேச்சு வரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வளைகாப்பு அங்கே நடந்தாலும் இங்கே நடந்தாலும் என் வயிறு என்னோடுதான் இருக்கும் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

கலைமதி

*

திண்டிவனம்
15-9-2025

மதி,

நீ மனுஷிதானா?

கிளியனூரில் பெண்ணுக்குப் புருவம் எழுதிக்கொண்டிருக்கிறேன். டீக்கடை விருத்தாசலம் போன் செய்கிறார். "மேரிம்மா, உங்க ஃப்ளெக்ஸுல இருக்கிற பொண்ணு கடை வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கினு இருக்குது. நான் டீ குடுத்தேன். சர்க்கரை கம்மியா கேட்டுச்சு." என் கையிலிருந்த பென்சில் அந்தப் பெண்ணின் நெற்றியில் ஒரு கோடு போட்டது. துடைக்கக் கால் மணி நேரம்.

ஆறு மாதத்து வயிற்றோடு, காலை பத்து மணியிலிருந்து நாலு மணிவரை, குடை பிடித்துக்கொண்டு, உன் போட்டோவுக்குப் பக்கத்தில் நீயே உட்கார்ந்திருக்கிறாய். ஒரு சத்தம் இல்லை, திட்டு இல்லை. திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்கு நாலு பேச்சு பேசியிருப்பேன். வருகிறவர்கள் நின்று ஃப்ளெக்ஸைப் பார்ப்பதும் உன்னைப் பார்ப்பதும், மறுபடி ஃப்ளெக்ஸைப் பார்ப்பதும், ஏதோ பொருட்காட்சி மாதிரி ஆக்கிவிட்டாய். "பின்னு இதுவா, அதுவா?" என்று ஒருத்தன் கேட்டானாம். நீ, "நான்தான் பின்னு. அது கம்ப்யூட்டர்" என்றாயாம். விருத்தாசலம் அதைச் சொல்லிச் சொல்லித் தெருவெல்லாம் சிரிக்கிறார்.

இன்றைக்கு அப்பாயின்ட்மென்ட் ஏழு. வந்தது இரண்டு.

உங்கண்ணன் உன்னை வந்து அழைத்துப்போகாமல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல" என்றார். அவர் உன்னைத் திட்டவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஃப்ளெக்ஸைக் கழற்றமாட்டேன். நீ உட்கார்ந்ததற்காகக் கழற்றினேன் என்று ஊர் சொல்வதற்கு நான் விடமாட்டேன்.

வளைகாப்பு இல்லை.

இருதயமேரி

*

விழுப்புரம்
17-9-2025

அண்ணிக்கு,

நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் கடிதத்தின் கடைசிவரை அதைத் தேடவேண்டியிருக்காது.

விருத்தாசலம் உங்களிடம் சொல்லாத ஒன்று அன்றைக்கு நடந்தது. இரண்டு மணி வாக்கில் ஒரு பெண் வந்தாள். பெயர் ஷமீம், உங்கள் கடைக்குப் பின் தெருதான். வீட்டுக்காரர் சவுதியில். தோளில் இரண்டு மாதப் பெண் குழந்தை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அக்கா, போட்டோல இருக்கிறது நீங்கதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப உங்க மூஞ்சி இன்னும் அப்படியேதானே இருக்குது?" என்றாள். ஆமாம் என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. குழந்தையை இந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதன் வலது கன்னம் முழுக்கச் சிவந்து, பொறிப்பொறியாக இருந்தது. அந்தப் பக்கத்தைத் தன் கன்னத்தில் சாய்த்துக்கொண்டுதான் அவள் அதைத் தூங்கவைக்கிறாள். "அவர் லீவுல வர்றாரு. பிரசவத்துல மூஞ்சி கறுத்துப் போச்சேன்னு வாங்குனேன். பால் குடுக்கிறவங்களும் போடலாம்னு எழுதி இருந்துச்சு, நீங்களே மாசமா இருக்கிறவங்கன்னு கடையில சொன்னாங்க" என்றாள். ஒரு மாதமாகப் பூசியிருக்கிறாள்.

நாலு மணிக்கு நான் எழுந்தது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதனால் இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனேன். அவர் அவளைத் திட்டவில்லை. "இன்னைக்கே நிறுத்துங்க. முகம், கை, தலையணை உறை எல்லாம் சோப்பு போட்டு கழுவுங்க. பால் குடுக்கறதை நிறுத்தாதீங்க, இப்போதைக்கு அதுக்குத் தேவையில்லை. ஆனா அந்த க்ரீம்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். ஸ்டீராய்டா, பாதரசமா, எதுன்னு தெரியாம இந்தச் சின்ன உடம்புல எத்தனை டெஸ்ட் எடுப்பேன்?" என்றார்.

என்னிடம் கேட்டார் அண்ணி. ஃப்ளெக்ஸில் இருக்கிறவள் நான்தானே. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். ஒரு மாதமாக உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் எனக்குத் தெரியாது.

முதலில் என் பிள்ளைக்காகக் கேட்டேன். இப்போது ஷமீமின் பிள்ளைக்காகக் கேட்கிறேன். வளைகாப்பு வேண்டாம், தாய்வீட்டுச் சீர் வேண்டாம், பிரசவத்துக்கு நீங்கள் யாரும் வரவேண்டாம். நான் தனியாகப் பெற்றுக்கொள்வேன். பேரை மட்டும் அந்த டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். மாசமாக இருக்கிறவர்கள், பால் கொடுக்கிறவர்கள் வேறு யார் யார் வாங்கினார்கள் என்பதும் வேண்டும்.

ஷமீமின் வீடு, பச்சை கேட். பக்கத்தில் அரவை மில்.

கலைமதி

*

திண்டிவனம்
4-10-2025

மதி,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பச்சை கேட்டுக்குப் போனேன். ஷமீமின் மாமியார் என்னை உள்ளே விடவில்லை. "போட்டு தந்தது நீதானே, இன்னும் இன்னா தர வந்தே?" என்றார்கள். வாசலிலேயே நின்றேன். ஷமீம் குழந்தையைத் தூக்கிவந்து காட்டினாள். அதுவும் வாசல்படிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அங்கிருந்து நேரே டாக்டரிடம் போனேன். கையில் எடுத்துக்கொண்டு போனது இவ்வளவு: மருந்துக் கடையில் வாங்குகிற ஒரு ட்யூப். உன் டாக்டரம்மா சீட்டில் எழுதின மூன்றும் அதிலேயே இருக்கிறது, வெளியிலேயே அச்சடித்திருக்கிறது, நான் ஒருநாளும் படித்ததில்லை. இன்னொரு ஸ்டீராய்டு ட்யூப். கற்றாழை ஜெல். நாலாவது, சென்னையிலிருந்து வருகிற ஒரு வெள்ளை கேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. கொண்டுவந்து போடுகிறவனுக்குப் போன் செய்தேன், நம்பர் உபயோகத்தில் இல்லை. கற்றாழை இருப்பதால் ஹெர்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது.

கேனைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் சிறுநீர் டெஸ்ட். நேற்று முடிவு வந்தது. கேனில் பாதரசம் இல்லை. குழந்தையின் கன்னம் ஆறிவருகிறது. முடிவு வருகிறவரைக்கும் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். அந்தப் பதினைந்து நாளும் நான் சாப்பிட்டேனா என்று உங்கண்ணனைக் கேள்.

இதுவரை எழுதியது உனக்குத் தெரியவேண்டியது. இனி எழுதுவது உனக்கு மட்டும். உங்கண்ணனுக்குப் பாதிதான் தெரியும்.

அலெக்ஸுக்கு அப்புறம் எனக்கு இரண்டு தடவை நின்றது. இரண்டும் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அப்போதும் இதைத்தான் பூசிக்கொண்டிருந்தேன். ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. நீ குரூப்பில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டாயே, அந்த நிமிஷம் சேர்ந்துவிட்டது. நீ பேர் கேட்டுக் கேட்டு எழுதினபோதெல்லாம் எனக்கு அந்த இரண்டும் வந்து கேட்கிற மாதிரி இருந்தது. பேரைச் சொன்னால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று இருந்தேன். அதனால்தான் கத்தினேன். கத்துவது எனக்கு வரும்.

ஃப்ளெக்ஸை நானே ஏணி போட்டு இறக்கினேன். ஷமீமைத் தவிர, நீ கேட்ட மாதிரி வாங்கினவர்கள் ஒன்பது பேர். ஐந்து பேர் மாசமாக இருக்கிறார்கள், நாலு பேர் கைக்குழந்தைக்காரர்கள். பெயரும் தெருவும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். போன் செய்து, இனிமேல் பூசவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். முதல் வீட்டில், "ஸ்டாக்கு தீர்ந்து போச்சுன்னு கதை வுடறியா?" என்று வைத்துவிட்டார்கள். இரண்டாவது நம்பரை அழுத்தக் கை வரவில்லை.

வளைகாப்பு மண்டபத்தை நான் ரத்து செய்யவே இல்லை. சும்மா எழுதினேன். உங்கண்ணன் எல்லாம் பார்த்துக்கொள்வார். சமையல் கட்டில் நான் இருப்பேன், மணைக்குக் கிட்டே வரமாட்டேன். கலைந்தவள் கை முதலில் படக்கூடாது என்று உங்கள் பெரியம்மா சொல்வார்கள். அவர்களுக்கு என் விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. இந்த ஒரு தடவை அவர்கள் சொல்வதைக் கேட்கலாம் என்று எனக்கே தோன்றுகிறது.

மேரி

*

விழுப்புரம்
8-10-2025

உ
முத்தாம்பிகை துணை

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் போனேன். பெயர் சொல்லாமல், எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு என்று கேட்டேன். "மூணு மாசத்துக்குள்ள நிறைய கர்ப்பம் காரணமே தெரியாம கலையும். அவங்க முகத்துல பூசுனதுதான் காரணம்னு நான் சொன்னா அது பொய். இல்லவே இல்லைன்னு சொன்னாலும் அது எனக்குத் தெரியாத விஷயம். ஆனா குத்தவாளிக் கூண்டுல அவங்களே ஏறி நின்னுக்கினு இருந்தா, இறங்கி வரச் சொல்லு" என்றார். அவர் ஊர் செஞ்சிப் பக்கம். கோபம் வந்தால் பேச்சு அப்படி மாறும்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆறுதலுக்காக நான் ஒன்றைச் சேர்த்தால் அப்புறம் எல்லாமே ஹெர்பல் ஆகிவிடும்.

ஒன்பது பேர் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதாவது அவர்களுக்குக் கொடுத்ததற்காக உங்கள் மேல். அது தீரக் கொஞ்ச நாள் ஆகும். அதற்காக நீங்கள் இரண்டாவது நம்பரை அழுத்தாமல் உட்கார்ந்திருப்பதை நான் ஒத்துக்கொள்ள முடியாது. போன் வேண்டாம். 13ஆம் தேதி திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஒன்பது வீட்டுக்கும் நேரில் போகலாம். நீங்கள் ட்யூபை எடுத்து அதில் அச்சடித்திருப்பதைப் படித்துக் காட்டுங்கள், மற்றதை நான் பேசுகிறேன். கதவைச் சாத்தினால் வாசலில் உட்காருவேன். உட்காருவது எனக்கு வரும் என்று உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு ஷமீம் கூப்பிட்டிருக்கிறாள், நம் இரண்டு பேரையும். அவள் மாமியார் என்ன சொல்வார்கள் என்று அவளே பார்த்துக்கொள்கிறாளாம்.

கடையை மூடப்போகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதாக அண்ணன் நேற்று ரகசியமாகப் போன் செய்து சொன்னார். எதற்கு மூடவேண்டும்? பூ வைத்துப் பின்னுங்கள், புருவம் எழுதுங்கள், புடவை கட்டிவிடுங்கள். அந்தக் கையில் குறை சொல்ல யாருமில்லை. மாசமாக வருகிறவளிடம், "டாக்டர்கிட்ட கேட்டுக்கினு வாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?

இனி வளைகாப்பு. மங்கோடுதான் உட்காருவேன். போட்டோகிராபரிடம், முகத்தில் ஒரு புள்ளியை அழித்தாலும் ஆல்பத்தைத் திருப்பி அனுப்புவேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பக்கத்தில் நீங்கள் தலையை நிமிர்த்தி நிற்கவேண்டும்.

பெரியம்மாவிடம் நேற்றே பேசிவிட்டேன். முதல் வளையலை அண்ணிதான் போடவேண்டும் என்றேன். "அவளா? அவளுக்கு..." என்று ஆரம்பித்தார்கள். என்ன காரணம் என்று நான் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. "அவங்க போடலன்னா நான் மணையவிட்டு எந்திரிச்சிடுவேன் பெரியம்மா, அப்புறம் நீங்க வளையல யாருக்குப் போடுவீங்களோ போட்டுக்குங்க" என்றேன். என்னைப் பெற்றதற்கு ஒரு அம்மிக்கல்லைப் பெற்றிருக்கலாம் என்று என் செத்துப்போன அம்மாவையும் சேர்த்துத் திட்டினார்கள். இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். திட்டட்டும், வளைகாப்புக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

கண்ணாடி வளையலை நீங்களே போய்ப் பார்த்து வாங்குங்கள், ஆள் விடவேண்டாம். என் அளவு ரெண்டு நாலு. ஆனால் கை உப்பியிருக்கிறது, இப்போது ஏறாது. ரெண்டு ஆறு வாங்குங்கள்.

கலைமதி